இ-டிஸ்கவரி வேலை: சேர, மாற, விலக – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வக்கீலுக்குப் படிச்சிட்டு ராத்திரி வேலைக்குப் போறியாமே, என்னம்மா வேலை அது?" என்று கல்யாணப் பந்தியில் கேட்பவர்களுக்கு இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு நான்கைந்து வருடம் பிடித்தது. 2008-ல் சென்னையில் ஒரு எல்.பி.ஓ.வில், அதாவது வெளிநாட்டுச் சட்ட வேலையை இங்கே செய்து கொடுக்கும் கம்பெனியில், சேர்ந்தேன். நான்கு வருடம் ரிவ்யூ, ஐந்து வருடம் ப்ராசஸிங், அப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜர். இப்போது இந்திய நிறுவனம் ஒன்றின் உள்விசாரணைக் குழுவில் இருக்கிறேன்.

நடுவில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போனில் கேட்ட சந்தேகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

1. அக்கா, இ-டிஸ்கவரின்னா என்ன? வக்கீல் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?

அமெரிக்க சிவில் வழக்கில் சாட்சிக்கூண்டுக்குப் போவதற்கு முன்பே ஒரு நீண்ட கட்டம் உண்டு. வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணங்களை எதிர்த்தரப்பு கேட்டால், தனக்குப் பாதகமானவை உட்பட, எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதுதான் டிஸ்கவரி. அந்த ஆவணங்கள் மெயிலாகவும் எக்செல்லாகவும் சாட் செய்தியாகவும் இருந்தால் இ-டிஸ்கவரி.

யாரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அழியாமல் காப்பது, நகலெடுப்பது, ஒரே மெயிலின் பத்துப் பிரதிகளில் ஒன்பதைக் கழிப்பது (இது ப்ராசஸிங்), மிச்சத்தைப் படித்துப் பிரிப்பது (ரிவ்யூ), எண் போட்டு அனுப்புவது (ப்ரொடக்ஷன்) என்று வேலை சங்கிலியாகப் போகும். இதை 2005-ல் ஜார்ஜ் சோச்சா, டாம் கெல்ப்மன் என்ற இருவர் ஒரு படமாக வரைந்தார்கள். அதன் பெயர் இ.டி.ஆர்.எம். (எலக்ட்ரானிக் டிஸ்கவரி ரெஃபரன்ஸ் மாடல்). இன்டர்வியூவில் கேட்பார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். வக்கீல் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா என்றால், சங்கிலியில் எந்தக் கண்ணியில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரிவ்யூ வக்கீல் பக்கம், ப்ராசஸிங் கம்ப்யூட்டர் பக்கம்.

2. அமெரிக்காவுல நடக்கிற கேஸுக்குத் தரமணியில எதுக்கு ஆள்?

காசுதான் காரணம். ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2012-ல் பெரிய நிறுவனங்களின் வழக்குகளைப் பிரித்துப் பார்த்து, ஆவணங்களைத் தயார் செய்து கொடுக்க ஆகும் செலவில் 73 சதவீதம் ரிவ்யூவுக்கே போகிறது என்றது. அதாவது யாராவது உட்கார்ந்து படிப்பதற்கு. படிக்கிற ஆளின் சம்பளம் குறைந்தால் மொத்தச் செலவும் குறையும். அங்கே அவர்கள் தூங்கும்போது இங்கே வேலை நடக்கும் என்பது உபரி லாபம்.

இரண்டு விஷயங்கள் இதைப் பெரிய தொழிலாக்கின. நியூயார்க்கில் லாரா சுபுலேக் என்ற பெண் யு.பி.எஸ். வார்பர்க் என்ற முதலீட்டு வங்கி மீது போட்ட பாகுபாட்டு வழக்கு ஒன்று. அழிக்கப்பட்ட மெயில்கள் பற்றி நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் 2003, 2004-ல் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டார். 2005-ல் ஜூரி கொடுத்த தொகை ஏறக்குறைய 2.9 கோடி டாலர். கம்பெனிகள் அலறின. அடுத்தது, 2006 டிசம்பர் 1-ல் அமெரிக்க மத்திய சிவில் நடைமுறை விதிகள் திருத்தப்பட்டு, 'மின்னணு முறையில் சேமித்த தகவல்' என்ற வார்த்தையே விதிக்குள் வந்தது. வெளியில் கொடுத்து வாங்கும் வேலைக்கு அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2008 ஆகஸ்டில் 451-ம் எண் கருத்துரையில் பச்சைக்கொடி காட்டியது. மேற்பார்வையும் ரகசியமும் அமெரிக்க வக்கீலின் பொறுப்பு என்பது நிபந்தனை. நான் சேர்ந்தது அதே வருடம்தான். எங்கள் மாடியில் நாற்காலி போதாமல் கான்டீன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்கள்.

3. வெளிநாட்டுச் சட்ட வேலையை இங்கே செய்யக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிச்சே?

பாதி சரி. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் போட்ட ரிட் மனுவில் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களோடு எல்.பி.ஓ.க்களும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் நடத்த முடியாது என்றது. ஆனால் எல்.பி.ஓ. வேலை வழக்கறிஞர் சட்டத்துக்குள் வராது என்று விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13-ல் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. பெயர் என்னவாக இருந்தாலும், சாராம்சத்தில் அது வக்கீல் தொழிலாக இருந்தால் சட்டம் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது என்றது.

நடைமுறையில், நீங்கள் ஆவணத்துக்கு முத்திரை குத்துகிறீர்கள். சட்ட ஆலோசனை சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் அங்கே இருக்கும் வக்கீல். அந்தக் கோட்டைத் தாண்டாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

4. முதல் நாள் போய் உட்கார்ந்தா உண்மையில என்ன பண்ணுவோம்?

போன், பேனா, பேப்பர் எல்லாம் வெளியே லாக்கரில். உள்ளே திரையின் இடப்பக்கம் ஒரு ஆவணம், வலப்பக்கம் கட்டங்கள். இதற்குக் 'கோடிங் பேனல்' என்று பெயர். வழக்குக்குத் தொடர்புண்டா இல்லையா, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியமா (இதற்கு 'ப்ரிவிலேஜ்' என்று பெயர்), முக்கியமானதா, எந்தத் தலைப்பில் வரும் என்று டிக் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போவீர்கள். எதை எப்படி டிக் செய்ய வேண்டும் என்பதற்கு இருபது, முப்பது பக்கத்தில் ஒரு புரோட்டோகால் இருக்கும். மணிக்கு 50 ஆவணம் என்பது காதில் அடிக்கடி விழும் கணக்கு. ஒன்றுக்கு 72 விநாடி.

படிக்கப் போவதில் முக்கால்வாசி குப்பை. மதியச் சாப்பாட்டு மெயில், பிரிண்டர் ரிப்பேர் மெயில், யாரோ ஒருவரின் மகளுடைய பிறந்தநாள் போட்டோ. நடுவில் திடீரென்று ஒரு வரி: 'இதை மெயிலில் வேண்டாம், கூப்பிடுகிறேன்.' நான் முதன்முதலில் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்தபோது 'தொடர்பில்லை' என்று அடித்துவிட்டேன், ஒரு வரிதானே என்று. டீம் லீட் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த மெயில் போன தேதியையும் அதற்கு மூன்று நாள் முன்னால் வந்த விலைப்பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து காட்டினார். அன்றைக்குத்தான் இந்த வேலை பிடித்தது.

தேதி என்றதும் ஒன்று. 03/04/2011 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4. புதிதாகச் சேரும் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் சறுக்குவார்கள்.

5. பி.எல். முடிச்சவங்களுக்கு மட்டும்தானா? நான் பி.காம்.

ரிவ்யூவுக்குப் பெரும்பாலும் சட்டப் பட்டம் கேட்பார்கள், வாடிக்கையாளருக்கு 'படிப்பவர் எல்லோரும் சட்டப் பட்டதாரிகள்' என்று சொல்லவேண்டி இருப்பதால். ப்ராசஸிங்குக்கும் ப்ரொடக்ஷனுக்கும் அப்படியில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட ஆள் திருவண்ணாமலைப் பக்கம் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்தவர். அவர் அளவுக்குப் பொறுமையாக ஒரு பி.எஸ்.டி. ஃபைலை (அவுட்லுக் மெயில்களை மூட்டையாகக் கட்டிய ஃபைல்) பிரித்துப் பார்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

6. இங்கிலீஷ் சரளமா பேச வராது. எடுப்பாங்களா?

படித்துப் புரிந்துகொள்ள வந்தால் ரிவ்யூவுக்கு எடுப்பார்கள். பேசவேண்டிய அவசியம் டீம் லீடுக்குத்தான் வரும், அதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். உண்மையான தொல்லை பேச்சு இல்லை, அமெரிக்க ஆபீஸ் வழக்கு. 'டேபிள்' பண்ணுவது என்றால் அங்கே ஒத்திப்போடுவது, இங்கிலாந்தில் எடுத்துவைப்பது. இதெல்லாம் அகராதியைப் புரட்டி வருவதில்லை, மெயில் படித்துப் படித்துத்தான் வரும்.

7. நைட் ஷிஃப்டை எவ்வளவு நாள் தாங்க முடியும்?

நியூயார்க் காலை 9 மணி என்பது அங்கே கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. ரிவ்யூ பல இடங்களில் பகலிலேயே நடக்கிறது, வாடிக்கையாளருடன் நேரடியாகப் பேசும் வேலைதான் இரவுக்குப் போகும். லண்டன் வழக்கு கிடைத்தால் பாக்கியம், மதியம் ஒன்றரைக்கோ இரண்டரைக்கோ தொடங்கும். இன்டர்வியூவிலேயே எந்த நாட்டு ப்ராஜெக்ட் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்கு கேப் வருமா, கடைசி ஆளாக இறக்கிவிடப்படும் பெண்ணுக்குத் துணைக் காவலர் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

8. வேலையில சேர்ந்தா என் பார் கவுன்சில் பதிவு என்னாகும்?

இதை முதலிலேயே தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 49-வது விதி தெளிவாக இருக்கிறது. வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக்கூடாது. அப்படி வேலை கிடைத்தால் தன் பெயர் பதிவான பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

'யாருக்குத் தெரியப் போகுது' என்று சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. பி.எஃப். கணக்கும் ஃபார்ம் 16-ம் இருக்கும்போது எதை மறைப்பது? நாளைக்குக் கோர்ட்டுக்குத் திரும்பும்போதோ, நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கும்போதோ தோண்டி எடுப்பார்கள். கடிதம் கொடுத்து, சான்றிதழை ஒப்படைத்து, ரசீது வாங்கி வையுங்கள். திரும்பும்போது ரிலீவிங் லெட்டரோடு மீண்டும் தொழில் தொடங்க விண்ணப்பிக்கலாம்.

இன்னும் பதிவே செய்யாதவர்களுக்கு அவசரம் இல்லை. பட்டம் கெட்டுப்போகாது. பதிவுக் கட்டணத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், மாநில பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

9. ரெண்டு வருஷம் இங்கே சம்பாதிச்சிட்டு ஜட்ஜ் எக்ஸாம் எழுதலாம்னு இருக்கேன். சரியா?

கணக்கைத் திரும்பப் போடுங்கள். சிவில் ஜட்ஜ் நேரடித் தேர்வுக்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. மாவட்ட நீதிபதிக்கு வழக்கறிஞராக நேரடியாகப் போவதென்றால் அரசியலமைப்பின் 233-வது பிரிவு ஏழு வருடம் கேட்கிறது. எல்.பி.ஓ.வில் இருக்கும் வருடங்கள் இந்த இரண்டிலும் சேராது. ஏன் சேராது என்பதற்கு எட்டாவது பதிலே போதும்.

நீதிபதி ஆசை உண்மையாக இருந்தால், முதலில் ஒரு சீனியரிடம் சேருங்கள். ஆனால் வீட்டில் கடன் இருக்கும்போது 'ஜூனியர் வக்கீலாகப் பட்டினி கிட' என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அந்தக் கணக்கில்தான் இங்கே வந்தேன்.

10. சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

எண் எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். அதனால் ஆஃபர் லெட்டரைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். சி.டி.சி. என்று போட்டிருக்கும் தொகையில் கேப், சாப்பாடு, 'வேரியபிள்' எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். ஷிஃப்ட் அலவன்ஸ் பகலுக்கு மாறினால் போய்விடுமா? பாண்ட் உண்டா? நோட்டீஸ் பீரியட் 90 நாளா? வழக்கு சமரசம் ஆகிவிட்டால் ரிவ்யூ ஒரே நாளில் நின்றுபோகும், அன்றைக்கு உங்கள் சம்பளமும் நிற்குமா? ஒப்பந்த வேலையென்றால் இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

11. மூணு வருஷமா ரிவ்யூவிலேயே இருக்கேன். அடுத்து எங்கே போறது?

போனில் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல்நிலை ரிவ்யூவில் மூன்றாவது வருடத்துக்கு மேல் கற்க அதிகம் இல்லை. ஐந்தாவது வருடம் உட்கார்ந்திருப்பவரும் இரண்டாவது வருடக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், ஐந்தாவது வருடக்காரருக்குச் சம்பளம் அதிகம். ஆட்குறைப்பு வரும்போது யாரை முதலில் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்திலேயே இருக்க வேண்டுமென்றால் ப்ரிவிலேஜ் ரிவ்யூவுக்கு நகருங்கள். வக்கீலுக்குப் போன மெயில் எல்லாம் ரகசியம் ஆகிவிடாது. கம்பெனி வக்கீலுக்கு சி.சி. போட்டுவிட்டு விலை பற்றிப் பேசினால் அது வியாபாரம். எது சட்ட ஆலோசனை, எது வியாபாரம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி லாக் (ரகசியம் என்று கொடுக்காமல் வைத்தவற்றின் பட்டியல்) தயாரிக்கத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம் எப்போதும் உண்டு. இன்னொரு வழி ப்ராசஸிங், ப்ரொடக்ஷன் பக்கம் போவது. ரெலட்டிவிட்டி, நியூக்ஸ் போன்ற மென்பொருட்களைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். மூன்றாவது, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்: இரவு 11 மணிக்கு வக்கீல் 'நாளைக் காலைக்குள் 40,000 ஆவணம் வேண்டும்' என்றால், முடியாது என்பதை அவர் கோபப்படாதபடி சொல்லும் கலை. எனக்கு அது கடைசிவரை முழுசாக வரவில்லை.

நகர்வதற்கு அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள். ரிவ்யூவில் இருக்கும்போதே மற்றவர் டிக் செய்ததைச் சரிபார்க்கும் க்யூ.சி. வேலையை வாங்குங்கள், எந்தத் தேடுசொல்லுக்கு எத்தனை ஆவணம் சிக்கியது என்ற சேர்ச் டெர்ம் அறிக்கையை யார் தயாரிக்கிறார் என்று பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் ப்ராசஸிங்குக்குப் போனது ஒரு தீபாவளி வாரத்தில் அங்கே ஆள் இல்லாததால்தான்.

12. கோடிங் தெரியணுமா?

நாலாவது பதிலில் சொன்ன கோடிங் வேறு, நீங்கள் கேட்கும் கோடிங் வேறு. இந்தக் குழப்பத்தால் ஒரு பையன் பைத்தான் படித்துவிட்டு ரிவ்யூ இன்டர்வியூவுக்கு வந்து நின்றான், பாவம். புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல்.-ல் சாதாரணக் கேள்விகள், எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஃபைலுக்குக் கைரேகை மாதிரியான ஹேஷ் எண் என்றால் என்ன, டைம்ஸோன் மாறினால் மெயிலின் தேதி எப்படி மாறும் என்பவை தெரிந்தால் போதும்.

அதைவிட முக்கியம், லோட் ஃபைலை எதில் திறக்கக்கூடாது என்று தெரிவது. ஆவணங்களோடு தேதி, அனுப்பியவர், எண் எல்லாம் அடங்கிய ஒரு .dat ஃபைல் போகும், அதுதான் லோட் ஃபைல். அதில் மேற்கோள்குறிக்குப் பதில், குச்சியின் நடுவில் தொப்பை வைத்ததுபோல ஒரு விசித்திர எழுத்து ஒவ்வொரு தகவலையும் அணைத்து நிற்கும். நான் ஒருநாள் அவசரத்தில் அதை எக்செல்லில் திறந்து, ஒரு நெடுவரிசையைத் திருத்தி, சேமித்து அனுப்பிவிட்டேன். 000457 என்ற எண்கள் 457 ஆகிவிட்டன. தேதிகள் எல்லாம் நம் ஊர் வழக்கத்துக்குத் திரும்பிக்கொண்டன. ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துக்கு மேல் நிற்காது என்பதால் நீண்ட பெயர்ப் பட்டியல்கள் பாதியில் அறுந்திருந்தன. அதிகாலை மூன்று மணிக்கு போன் வந்தது. அன்றிலிருந்து நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் தவிர வேறெதிலும் திறப்பதில்லை.

13. சர்ட்டிஃபிகேட் வாங்கினா வேலை கிடைக்குமா?

முதல் வேலை கிடைக்காது. இரண்டாவது வேலைக்கு உதவும். ரெலட்டிவிட்டியின் ஆர்.சி.ஏ. (ரெலட்டிவிட்டி சர்ட்டிஃபைட் அட்மினிஸ்ட்ரேட்டர்) தேர்வு கடினமானது, அதனால் மதிப்பும் இருக்கிறது. ஆனால் மென்பொருளைக் கையில் தொடாமல் அதை எழுதுவது, நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது மாதிரி. இ-டிஸ்கவரி நிபுணர்களின் சங்கமான ஏ.சி.இ.டி.எஸ். தரும் சி.இ.டி.எஸ். சான்றிதழ் சட்டம், தொழில்நுட்பம் இரண்டையும் தொடும். கட்டணத்தை உங்கள் கம்பெனி கட்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். 'வேலைவாய்ப்பு உறுதி' என்று போஸ்டர் ஒட்டி இ-டிஸ்கவரி கோர்ஸ் நடத்துபவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

14. வேலையில சேராமலே பழகிப் பார்க்க டேட்டா எங்கே கிடைக்கும்?

என்ரான். 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம். விசாரணையின்போது அதன் ஊழியர்களின் மெயில்களை அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003-ல் பொதுவெளியில் போட்டது. ஏறக்குறைய 150 பேரின் 5 லட்சம் மெயில்கள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்பெனியின் சொந்த வக்கீல்களுடைய மெயில்களும் அதில் இருப்பதால் ப்ரிவிலேஜ் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

ஒரு 200 மெயிலை எடுத்து, நீங்களே இரண்டு பக்கத்தில் ஒரு புரோட்டோகால் எழுதி, எக்செல்லில் குறியுங்கள் (இதற்கு எக்செல் பரவாயில்லை). ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் மறுபடி குறியுங்கள். இரண்டு தடவைக்கும் நடுவில் எத்தனை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை இன்டர்வியூவில் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

15. ஏ.ஐ. வந்தாச்சு. இனிமே இதுல சேர்றது முட்டாள்தனமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் வயது அதிகம். 2012 பிப்ரவரியிலேயே, ட சில்வா மூர் என்ற வழக்கில் மாஜிஸ்திரேட் நீதிபதி ஆண்ட்ரூ பெக், மனிதர் கொஞ்சம் குறித்துக் காட்ட மென்பொருள் மிச்சத்தை வரிசைப்படுத்தும் முறையை ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு எங்கள் மாடியில் 'ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போகிறோம்' என்று பேச்சு. போகவில்லை, டேட்டா அதைவிட வேகமாகப் பெருகியது. ஆனால் இந்தத் தடவை நான் அதே ஆறுதலைச் சொல்ல மாட்டேன். சாட்ஜிபிடி வகை ஏ.ஐ. மொழி மாடல்கள் ஆவணத்தைப் படித்து, ஏன் தொடர்புள்ளது என்று காரணமும் எழுதுகின்றன. முதல்நிலை ரிவ்யூவில் நூறு பேர் உட்கார்ந்த மாடியில் இனி நூறு பேர் உட்காரப் போவதில்லை.

மிஞ்சப் போவது சரிபார்க்கும் வேலை. ஒரு உதாரணம்: மென்பொருள் 10 லட்சம் ஆவணத்தை 'தொடர்பில்லை' என்று ஒதுக்கியது, 90,000-ஐத் தொடர்புள்ளது என்று எடுத்தது, எடுத்தது அத்தனையும் சரி என்று வையுங்கள். ஒதுக்கிய குவியலிலிருந்து 1,500-ஐக் குருட்டாம்போக்கில் உருவி நீங்கள் படிக்கிறீர்கள். 15 தப்பியிருக்கிறது, அதாவது 1 சதவீதம். அப்படியானால் குவியலில் சுமார் 10,000 தப்பியிருக்கும். மொத்தம் ஒரு லட்சத்தில் 90,000 சிக்கியது, 90 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டு, அந்தப் பதினைந்தும் எந்த வகை என்று பார்த்து, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் விளக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். டிக் மட்டும் அடிக்கத் தெரிந்தவர் பதினொன்றாவது பதிலை இன்றைக்கே திரும்பப் படிக்க வேண்டும்.

16. ஒரு ரகசிய மெயிலைத் தெரியாம விட்டுட்டேன், எதிர்க்கட்சிக்குப் போயிடுச்சு. வேலை போயிடுமா?

முதலில் இப்போதே லீடிடம் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2008-ல் வந்த அமெரிக்க மத்திய சாட்சிய விதி 502 இதற்கென்றே இருக்கிறது. பெரிய வழக்குகளில் 502(டி) உத்தரவு வாங்கியிருப்பார்கள். அது இருந்தால், தவறிப்போன ஆவணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ரகசிய உரிமையும் போகாது. அது இல்லாத வழக்கில், தவறு தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் நடவடிக்கை எடுத்தார்கள் என்பதையும் நீதிபதி பார்ப்பார். அதனால்தான் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

பன்னிரண்டாவது பதிலில் சொன்ன என் தவறுக்கு எனக்கு வேலை போகவில்லை. மூன்று மணிக்கு 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மறைத்தவர்கள் போனதைப் பார்த்திருக்கிறேன்.

17. தமிழ் தெரிஞ்சா இதுல ஏதாவது உபயோகம் உண்டா?

உண்டு, எதிர்பாராத இடத்தில். அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி உலகில் எங்கே லஞ்சம் கொடுத்தாலும் அமெரிக்கச் சட்டம் பிடிக்கும். சென்னை வளாகக் கட்டட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அதிகாரிக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு நடந்தது என்ற குற்றச்சாட்டில், காக்னிசன்ட் 2019 பிப்ரவரியில் ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் கட்டி அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி.யுடன் முடித்துக்கொண்டது.

இந்த மாதிரி உள்விசாரணைகளில் வாட்ஸாப் வந்து விழும், முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழ். 'சார் கிட்ட சொல்லியாச்சு, ஸ்வீட் பாக்ஸ் நாளைக்கு' என்பதில் ஸ்வீட் எது என்று மொழிபெயர்ப்பு மென்பொருள் சொல்லாது. 'பார்த்துக்கலாம்' என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று நமக்குத்தான் தெரியும்.

18. பார்த்த கேஸ் பேரை ரெஸ்யூமேயில போடலாமா?

கூடாது. 'மருந்து நிறுவன வழக்கு, 12 பேர் குழு, இரண்டாம்நிலை ரிவ்யூ' என்கிற அளவில் நிறுத்துங்கள். வீட்டிலும் சொல்லக்கூடாது. கஷ்டம்தான், முக்கியமாக அந்தக் கம்பெனி பெயர் டி.வி. செய்தியில் வரும்போது.

19. இந்தத் துறையே வேண்டாம்னு தோணுது. வெளியே யார் எடுப்பாங்க?

நான் வந்த வழி உள்விசாரணை. பெரிய ஆடிட் நிறுவனங்களின் ஃபாரன்சிக் பிரிவுகளும் இதே ஆட்களைத்தான் தேடுகின்றன. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில், மின்னணுச் சான்றோடு கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் எண்ணை நிரப்ப வேண்டும். ஒரு பகுதியைக் கட்சிக்காரரும் இன்னொரு பகுதியை நிபுணரும் தர வேண்டும். நம் கோர்ட்டுகளில் இந்தப் படிவத்தைப் பார்த்து முழிப்பவர்கள் ஏராளம். உங்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தபிறகு, யாருடைய தகவல் எங்கே கிடக்கிறது என்று தேடித்தரும் வேலைக்கும் ஆள் கேட்கிறார்கள். ஒப்பந்த ஆய்வு இன்னொரு கதவு, ஆனால் அங்கேயும் பதினைந்தாவது பதிலின் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

20. நாற்பது வயசுல கோர்ட்டுக்குத் திரும்பினா சிரிப்பாங்களா?

கொஞ்சம் சிரிப்பார்கள். உங்களைவிடப் பத்து வயது சின்னவரை 'சார்' என்று கூப்பிட வேண்டியிருக்கும், வாய்தா வாங்கவும் தெரியாது. என் தோழி ஒருத்தி பன்னிரண்டு வருடம் கழித்து மதுரையில் திரும்பக் கறுப்புக் கோட்டைப் போட்டாள். முதல் வருடம் பைல் தூக்கினாள். இரண்டாவது வருடம் ஒரு வணிக வழக்கில் எதிர்த்தரப்பு 4,000 பக்க மெயிலைக் கொண்டுவந்து கொட்டியபோது, சீனியர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாராம்.

21. வேலையை விடும்போது எதையெல்லாம் எடுத்துட்டு வரலாம்?

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, ஃபார்ம் 16, பி.எஃப். எண். அவ்வளவுதான். புரோட்டோகால், நீங்களே எழுதிய பயிற்சிக் குறிப்பு, சேர்ச் டெர்ம் பட்டியல், எதுவும் உங்களுடையது இல்லை. ஒருவர் கடைசி வாரத்தில் தன் புரோட்டோகால் ஒன்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினார், மாதிரிக்காக வைத்துக்கொள்ளலாம் என்று. அனுப்பி முக்கால் மணி நேரத்தில் செக்யூரிட்டிக் குழுவிலிருந்து ஆள் வந்து நின்றார். மற்றவர்கள் மெயிலை நோண்டிப் பார்க்கும் தொழிலில் பத்து வருடம் இருந்தவர் அவர், தன் மெயிலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எப்படி நினைத்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.